ஒரு குடும்பமும் விடுபடாமல்

முழு இருதயத்தோடு கடவுளை நம்புகிற மனிதனுக்கு இந்தப் பூமியில் வேறு எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை. ஆதாம் காலத்திலிருந்து இன்றுவரை இதற்கு மாறான சாட்சி ஒன்றுகூடக் கிடையாது. மேற்கு மாம்பலம் பிரபாகர் இந்த விஷயத்தில் மலைபோல அசையாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில்.

மற்ற நாட்களில் அவர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. திங்கள் முதல் சனி வரை, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, இவங்க கதி என்ன சார்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அந்த வீட்டுக் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுப்பார். குழந்தை இல்லாத வீட்டில் நாயைத் தடவியதும் உண்டு. ஞாயிறு காலையில் மந்தைவெளியில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் நடக்கிற கன்மலை ஜெபவீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பாஸ்டர் சொன்னால், எல்லோருக்கும் முந்தி உரக்க ஆமென் சொல்வதும் அவர்தான். ஜெபவீட்டுக் காலண்டரை அவர்தான் அச்சடித்துக் கொடுப்பார். மேலே தேவனை நம்பச் சொல்லும் வசனம். கீழே பிரபாகர், வைர மன்ற உறுப்பினர், கைபேசி எண்.

வைர மன்றம் என்பது தி.நகரில் அவருடைய பிராஞ்சில் வருஷத்துக்கு இவ்வளவு புதுப் பாலிசி என்று இலக்கை எட்டிய ஏஜென்ட்டுகளுக்குக் கம்பெனி தரும் கௌரவம். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அவர்களுடைய படங்கள் கோட்டும் டையுமாகத் தொங்கும். மார்ச் கடைசித் தேதிக்குள் இலக்கை எட்டாதவரின் படத்தை ஏப்ரலில் பியூன் ஏணி போட்டுக் கழற்றிவிடுவார். கழற்றிய இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, யார் என்று விசாரிப்பார்கள். பிரபாகர் வாழ்க்கையில் உண்மையாகப் பயந்தது மரணத்துக்கு அல்ல, அந்த வெளுப்புக்குத்தான்.

அந்த வருஷம் மார்ச் பிறந்தபோது அவருக்கு இன்னும் நாலு பாலிசி குறைந்தது. ஆனாலும் அசோக் நகர் டெய்லரிடம் புது கோட் தைக்கக் கொடுத்தாயிற்று. அடுத்த வருஷத்துக்கான விசிட்டிங் கார்டும் வந்தாயிற்று.

"விசுவாசம்னா அதான் ரத்னா. கையில வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு நடக்கணும்," என்றார் மனைவியிடம்.

ரத்னா அடையாறில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் பல வருஷமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் பேர்ல ஒரு பாலிசி போடுங்களேன்."

"உனக்கு எதுக்கு? நமக்குத்தான் கர்த்தர் இருக்காரே."

"அப்போ மத்தவங்களுக்கு எல்லாம் யாருங்க இருக்கா?"

அந்தக் கேள்வி வந்ததும் பிரபாகர் காபி கேட்பார்.

போதாததற்கு, வீட்டு ஆட்களின் பெயரில் பாலிசி போட்டு இலக்கை நிரப்புகிறவர்களை அவர் மனிதராகவே மதிக்க மாட்டார். அதே பிராஞ்சில் ஏஜென்ட்டாக இருக்கும் அவருடைய நெடுநாள் சிநேகிதர் குலாம் ரசூல், ராயப்பேட்டைக்காரர், ஒரு வருஷம் தன் மச்சான் இனாயத் பெயரில் ஒன்று போட்டுவிட்டார். "மச்சான் தயவுல மன்றமா பாய்?" என்று பிரபாகர் பிராஞ்சே கேட்கும்படி சிரித்தார். பாவம், அந்த வருஷம் அந்த மச்சானும் போதாமல் குலாம் ரசூல் மன்றத்துக்கு வெளியில்தான் நின்றார்.

இந்த நிலையில்தான் பாஸ்டர் ஞானசிகாமணி ஒரு கல்யாணத்துக்காக நாசரேத்துக்குப் புறப்பட்டார். "பிரதர், இந்த ஞாயிறு செய்தி நீங்க குடுத்துடுங்க," என்று மைக்கைப் பிரபாகரிடம் ஒப்படைத்தார். பிரபாகருக்கு அந்த மைக்கின் மேல் ரொம்ப காலமாக ஒரு கண். மூன்று நாள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பிரசங்கம் செய்து பார்த்தார். கண்ணாடியில் இருந்தவர் கண்கலங்கினார்.

மார்ச் மாதம் வீட்டுக்கு வீடு வருஷத்துக்கான மிளகாய்த்தூள் அரைக்கிற மாதம். கீழே மில் ஞாயிறும் ஓடியது. ஆராதனை பாதியில் இருக்கும்போதே காரம் மாடிப்படி ஏறி வந்துவிட்டது. பிரபாகர் பேச எழுந்தபோதே சபையார் பலருக்குக் கண்ணில் நீர். இப்படி ஒரு தொடக்கம் எந்தப் பேச்சாளருக்கும் கிடைக்காது.

"கர்த்தரை நம்புறேன்னு சொல்றே. சரி. அப்போ உன் கக்கத்துல அது என்ன கோல்?" என்று ஆரம்பித்தார். சபை நிமிர்ந்தது. "சிலருக்கு அந்த ஊன்றுகோல் எம்.எல்.ஏ. குடுத்த சிபாரிசுக் கடிதம். சிலருக்கு கனடாவுல இருக்கிற சித்தப்பா. சிலருக்கு பேப்பர்ல வர்ற ராசிபலன். பார்க்காதவங்க கை தூக்குங்க!" ஒருவரும் தூக்கவில்லை. "ஒரு கால் தேவன் மேல, ஒரு கால் கோல் மேலயா? கர்த்தர் பாதி இருதயத்தைக் கேட்டாரா? நீ பாதி குடுத்தா அவர் பாதி வழியில விட்டுட்டுப் போவாரா?"

கடைசி வரிசையில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் தம் கைத்தடியை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதி வைத்திருந்ததும் அவ்வளவுதான். ஆனால் மைக் கையில் இருந்தது, எதிரில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், பிரபாகருக்குள்ளே என்னவோ பொங்கியது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். அவருக்கு நன்றாகப் பழகிய தாழ்வு அது.

"நாளைக்கே எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டான்னு பயந்து, இன்னிக்கே ஏற்பாடு பண்ணி வெக்கிறியே... நீ நம்புறது தேவனையா? இல்ல அந்த ஏற்பாட்டையா?" நிறுத்தினார். பிறகு மேசையை ஓங்கி அடித்தார். "தூக்கிப் போடு அந்தக் கோலை!"

சபை எழுந்து நின்றது. ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று தகரக் கூரை அதிர்ந்தது. லூர்துசாமி இரண்டு கையையும் உயர்த்தி விம்மினார். பட்டினப்பாக்கத்தில் கடலுக்குப் போகிறவர், மீன் ஏற்ற ஒரு லோடு வண்டியும் வைத்திருப்பவர். பிறப்பில் கத்தோலிக்கர், மனைவி வழியில் இங்கே வந்து சேர்ந்தவர். ஆமென் சொல்லும்போது இன்னும் பழக்க தோஷத்தில் சிலுவை போட்டுக்கொள்வார். மயிலாப்பூரில் டீச்சராக இருக்கும் அன்புக்கரசி கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தாள். இந்த இரண்டு பேரும்தான் அந்த வாரம் பிரபாகரிடம் பாலிசிக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தவர்கள்.

ரத்னா மட்டும் தலை நிமிரவில்லை. அந்த வாக்கியத்தை அவள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், வேறு முடிவோடு.

கூட்டம் கலைந்தபோது முழங்கால் வலிக்காரருடைய கைத்தடி மட்டும் கிடைக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கியவர்கள் அதையும் எங்கேயோ சேர்த்து அடுக்கிவிட்டார்கள். அவர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

திங்கள் காலை அன்புக்கரசி போன் செய்தாள்.

"அண்ணே, ராத்திரி பூரா ஜெபிச்சேண்ணே. நீங்க சொன்ன அந்தக் கோல் எதுன்னு எனக்குள்ள உணர்த்தப்பட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. எது?"

"உங்க பாலிசிதாண்ணே."

பிரபாகர் உட்கார்ந்துவிட்டார். "அன்பு, அது வந்து... நான் சொன்ன கோல் வேற. இது கோல் இல்லம்மா. இது ஒரு பொறுப்பு."

போனில் ஒரு சிரிப்பு கேட்டது. பரிசுத்தமான சிரிப்பு.

"தெரியும்ணே. சோதிச்சுப் பாக்குறீங்க. நான் விழ மாட்டேன்ணே!" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் லூர்துசாமியே வீட்டுக்கு வந்தார், ஒரு பையில் வஞ்சிரத்தோடு. வந்தவர் பிரபாகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இன்னா பேச்சு அண்ணாத்த அது! அப்பிடியே நெஞ்சுல கத்தி வெச்சா மாதிரி கீது. இருவது வருசமா கடலுக்குப் போறவன் நான். எனக்கே பயம்னா இன்னான்னு நேத்துதான் புரிஞ்சிது. வாணாம் அண்ணாத்த. பாலிசியும் வாணாம், ஒண்ணும் வாணாம். அவரு பாத்துப்பாரு."

"லூர்து, கொஞ்சம் நிதானமா கேளு. கர்த்தர் பாத்துக்குவார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மழைன்னா குடை எடுத்துக்கிட்டுப் போறோமில்ல? இது குடைப்பா. கோல் இல்ல, குடை."

லூர்துசாமி ஒரு நிமிஷம் யோசித்தார். "குட இன்னா, கோல் இன்னா அண்ணாத்த, ரெண்டயும் கையிலதானே புடிச்சுக்கினு போறோம்?" பிறகு முகம் மலர்ந்தது. விரலை ஆட்டினார். "ஆங்! டெஸ்ட் பண்றியா? பண்ணு, பண்ணு! நான் மாட்ட மாட்டேன்!" நெற்றியில், நெஞ்சில், தோளில் சிலுவை போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. பிரபாகர் எவ்வளவு வற்புறுத்தினாரோ அவ்வளவுக்கு அவர்களுடைய விசுவாசம் பலப்பட்டது. சபையில் நாலைந்து பேர் ஏற்கெனவே இருந்த பாலிசிகளைக்கூட விட்டுவிட்டதாகக் காதில் விழுந்தது.

பிராஞ்சுக்குக் கீழே டீக்கடையில் குலாம் ரசூலிடம் சொல்லி ஆற்றிக்கொண்டார். பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் பாதி டீ கீழே போயிற்று.

"நீ ஞாயித்துக்கெழம தோறும் மைக்க புடிச்சா நம்ம கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான் பிரபா!"

"சிரிக்காத பாய். நீ அல்லாவை நம்பல?"

"அஞ்சு வேளயும் நம்புறேன். அதுக்காக ஸ்கூட்டர பூட்டாம வுட்டுட்டுப் போவேனா? திருடனுக்கு என் நம்பிக்க தெரியாதே."

"இதை நான் மேடையில சொல்லியிருக்கலாம்," என்றார் பிரபாகர், வருத்தமாக.

இனி எப்படித் திரும்பப் பேசுவது? சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டால் மைக் போகும். சொன்னது சரி என்றால் படம் போகும். நன்றாக யோசித்ததில் ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. ஜெபம். வேறு எல்லாம் செய்து பார்த்த பிறகு பிரபாகர் வழக்கமாக வந்து சேர்கிற இடம் அதுதான்.

புதன்கிழமை உபவாச ஜெபம். பாஸ்டர் திரும்பி வந்திருந்தார். "நம்ம பிரபாகர் பிரதர் சபைக்காக ஒரு ஜெபம் ஏறெடுப்பாங்க," என்றார். பிரபாகர் முழங்காலிட்டார். கேட்க வேண்டியது என்னவோ நாலே வார்த்தை: ஆண்டவரே, எனக்குப் பாலிசி குடுங்க. ஆனால் சுற்றிலும் அத்தனை பேர். எனக்கு என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, வெளியே வந்தது.

"இரக்கமுள்ள பிதாவே! எனக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்தச் சபையில் உள்ள ஒவ்வொரு குடும்பமும், ஒரு குடும்பமும் விடுபடாமல், பாதுகாப்பின் வேலிக்குள் வரட்டும் ஆண்டவரே! எப்படி வரவேண்டுமோ அப்படி, யார் மூலமாக வரவேண்டுமோ அவர் மூலமாக வரட்டும்! இந்த... இந்த மார்ச் மாதம் முடிவதற்குள் வரட்டும் ஆண்டவரே!"

"ஆமென்!" என்றது சபை. மாதத்தோடு சொன்னதில் பலருக்கு மெய்சிலிர்த்தது. அன்புக்கரசி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"ஆண்டவர் கையில குடுத்துட்டேன் ரத்னா," என்றார் வீட்டுக்கு வந்து. "இனிமே அவர் பாடு."

"அவர் கையில குடுத்துட்டீங்க, சரி. கோட்டுக்கு பட்டன் வெச்சாச்சான்னு டெய்லர் கையில கேட்டுட்டு வர்றேன்னீங்களே?"

டெய்லரிடம் போனதில் நன்மை இருந்தது. கோட்டின் அளவைச் சரிபார்க்கிற சாக்கில் டெய்லருக்கே ஒரு பாலிசி போட்டார். டெய்லர் கன்மலை ஜெபவீட்டுக்காரர் இல்லை; எந்தப் பிரசங்கமும் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் பிரபாகர் பழைய வாக்கியத்தை மறுபடி எடுத்தார். டெய்லரின் தம்பிக்கு ஒன்று. எதிர்வீட்டு ஆடிட்டருக்கு ஒன்று. கடைசி வாரத்தில் கணக்குப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் குறைந்தது.

சபையில் மட்டும் யாரும் அசையவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்று பிரபாகருக்குத் தோன்றியது. அவரைக் கண்டதும் லூர்துசாமி செருப்பைத் தேடுவார். அன்புக்கரசி அவர் வருகிற படியில் ஏறாமல் நின்றுவிடுவாள். அவள் நடை வேறு கொஞ்சம் சாய்வாக இருந்தது. பாஸ்டரேகூடக் கையைக் குலுக்கிவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் போனார். ஆவியானவர் உள்ளுக்குள் கிரியை செய்கிறார் என்று பிரபாகர் எடுத்துக்கொண்டார். இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

மார்ச் முப்பத்தொன்று. காலையில் ரத்னா வேலைக்குக் கிளம்பவில்லை, விடுப்பு எடுத்திருந்தாள். இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுதானே குறையுது. என் பேர்ல போட்டுடுங்களேன். எனக்கும் ஆச்சு, உங்களுக்கும் ஆச்சு."

பிரபாகர் இட்லியை அப்படியே வைத்தார். காலையில் தானும் அதையேதான் நினைத்தார் என்பதால் கோபம் கூடுதலாக வந்தது.

"என்ன பேசுற ரத்னா? வீட்டு ஆளை வெச்சு மன்றத்துல உட்கார்ற ஆளா நான்? கர்த்தர் கையில குடுத்ததைத் திருப்பிப் பிடுங்கச் சொல்றியா? அவர் ஒரு ஆளை அனுப்புவார். இன்னிக்கே அனுப்புவார். நீ பாரு."

"எனக்கு வேணும்னுதாங்க கேக்குறேன்."

"உனக்குக் கர்த்தர் இருக்கார்," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

பிராஞ்சில் அன்று திருவிழாக் கூட்டம். பிரபாகர் வாசலுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்கும் போன் செய்யவில்லை. யாரையும் துரத்தவில்லை. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும், இவர்தான் அனுப்பப்பட்டவர் என்று கனிவோடு பார்த்தார். முதலில் வந்தவர் ஏ.டி.எம். எங்கே என்று கேட்டார். இரண்டாவதாக வந்தவர் குடிதண்ணீர் கேன் போட வந்தவர். கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்தபோது பிரபாகர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த அம்மா குழந்தைக்கு டயப்பர் மாற்ற இடம் இருக்கிறதா என்று விசாரித்தாள்.

மூன்று மணிக்கு மேல் குலாம் ரசூலின் போன் அடித்தது. பாய் ஓரமாகப் போய் ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். ஏதோ வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"மாம்பலம் வரிக்கும் போய்ட்டு வந்துடறேன் பிரபா."

பாயின் கணக்கில் இந்த வருஷம் எவ்வளவு என்று பிரபாகர் கேட்டதில்லை. எப்போதும் மன்றத்துக்கு வெளியில் நிற்கிற மனிதர். கேட்டால் மனசு நோகும்.

"போய்ட்டு வா பாய். கர்த்தர் உனக்கு முன்னால போவார்," என்று கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

பாய் ஏனோ அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடினார்கள். அனுப்பப்பட்டவர் வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் பியூன் ஏணியைக் கொண்டுவந்தார். அன்று பிரபாகர் பிராஞ்சுக்குள்ளே போகாமல் கீழே டீக்கடையிலேயே நின்றுவிட்டார். குலாம் ரசூல் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு டீ சொன்னார். தம் டீயை ஊதி ஊதி ஆறவைத்தார்.

"கோச்சிக்காத பிரபா. ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும். இந்தத் தடவ நான் மன்றத்துல கீறேன்."

"அட! எப்படி பாய்?"

"ஒங்க சபதான்."

பிரபாகருக்குப் புரியவில்லை. பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். அன்புக்கரசி டீச்சர் லஸ் பக்கம் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்தாளாம். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாலிசி. ஆனால் அத்தனை பெரிய பிரசங்கம் செய்தவரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? ஜெபவீட்டு அறுப்புப் பண்டிகை ஏலத்தில் வருஷா வருஷம் பூசணிக்காய் எடுக்கிற பாய்தான் ஞாபகத்துக்கு வந்தார். வந்து கையெழுத்துப் போட்டாள். போகும்போது, "பிரபாகர் அண்ணனுக்குத் தெரிய வேணாம் பாய், அவர் மனசு உடைஞ்சிடும்," என்றாள். அடுத்த நாள் லூர்துசாமி வந்தார். காற்றில் கூரைத் தகடு பறந்து வண்டிக் கண்ணாடியில் விழுந்ததாம். அவரும் அதே வார்த்தை: அண்ணாத்தைக்குத் தெரியக் கூடாது. பிறகு ஒருவர் பின் ஒருவராக. ஒருத்தர் வந்தது இன்னொருத்தருக்குத் தெரியாது.

"பாஸ்டருமா?" என்றார் பிரபாகர்.

"இதுக்கு மேல கஸ்டமரு பேர வெளிய சொல்ல மாட்டேன் பிரபா, அது தர்மம் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒங்க சபயில ஒரு குடும்பம் வுடல."

ஒரு குடும்பமும் விடுபடாமல். மார்ச் மாதம் முடிவதற்குள். யார் மூலமாக வரவேண்டுமோ அவர் மூலமாக. பிரபாகர் தம் ஜெபத்தை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். குறை சொல்ல இடமே இல்லை. கேட்டது கேட்டபடி கிடைத்திருந்தது. எனக்காக ஒன்றும் கேட்கவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னதைக்கூடக் கர்த்தர் மறக்காமல் கவனித்திருந்தார்.

"இன்னொரு விசயம்," என்றார் பாய், ரொம்பக் கூச்சத்தோடு. "போட்டோவுக்குக் கோட்டு போட்டுக்கினு வரணுமாம். நம்மகிட்ட ஏது கோட்டு? நீ புதுசா தெச்சியே..."

பிரபாகர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"வயித்துல கொஞ்சம் இறுக்கும்," என்றார் கடைசியில். "பட்டன் மட்டும் போட்டுடாத."

வீட்டுக்குத் திரும்பும்போது துரைசாமி சப்வேயில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் ஆட்டோ, பின்னால் பஸ், தலைக்கு மேலே ரயில். ஹெல்மெட்டுக்குள்ளே பிரபாகர் வாய்விட்டுப் பேசினார். "ஆண்டவரே, அந்தப் படம் எனக்கு வேணும். ரொம்ப வேணும். அது இல்லேன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியல. இதை நேரா கேக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீங்க தரமாட்டீங்கன்னு பயமாவும் இருந்துச்சு." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பஸ்காரன் ஹாரன் அடித்தான். வண்டிகள் நகர்ந்தன. தம் வாழ்நாளில் முதல் தடவையாக வசனமோ ராகமோ இல்லாமல் ஜெபித்திருக்கிறோம் என்பது அவருக்கு வீடு வந்த பிறகுதான் உறைத்தது. நெஞ்சு ஏனோ லேசாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

பாராட்டு விழாவுக்கு ரத்னாவையும் அழைத்துக்கொண்டு போனார். பெருந்தன்மையைப் பெருந்தன்மையாகக் காட்டுவதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா. குலாம் ரசூல், பட்டன் போடாத கோட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். மேனேஜர் சால்வை போர்த்தினார். பாய் மைக்கைப் பிடித்தார்.

"கடைசி நாளு. கடைசி நேரம். ஒண்ணே ஒண்ணு கொறயுது. மேற்கு மாம்பலத்துலேந்து ஒரு தங்கச்சி போன் பண்ணாங்க. வேணாம்மா, நல்லா இருக்காதுன்னு நானே சொன்னேன். கேக்கல. அந்தத் தங்கச்சி இல்லேன்னா இன்னிக்கி நான் இங்க இல்ல."

எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியது பிரபாகர்தான்.

வண்டியை எடுக்கும்போது கேட்டார். "நம்ம மாம்பலத்துல யாரு ரத்னா, எனக்குத் தெரியாம? நம்ம சபையா?"

ரத்னா பின்னால் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டின் வாரை மாட்டினாள். "ஆமா."

"பேரு?"

"நான்தாங்க," என்றாள் ரத்னா. "நீங்கதான் போடமாட்டேன்னீங்க."

அந்தப் பாலிசிக்கு நாமினி பிரபாகர்.